மூன்று மணி நேரத் தொலைவு

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மேங் சாங்-க்யூ தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. மடியில் ஏழு வயது மகள் நா-ரே முனகிக்கொண்டு கிடந்தாள்.

"பிள்ளையைக் கடத்திட்டுப் போறவர் மாதிரியே இருக்கீங்க" என்றாள் மனைவி யோன்-சுக்.

"மெதுவாப் பேசு. நம்ம சபை ஆள் யாராவது இருந்துட்டா?"

"பூசான்ல யாருங்க இருக்கா? அதுக்குத்தானே மூணு மணி நேரம் காரை ஓட்டுனீங்க. நம்ம தெருமுனையிலயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு."

ஜொன்ஜுவில் மேங் பெயர்பெற்ற போதகர். வெள்ளிக்கிழமைதோறும் அவர் தலையில் கை வைத்தால் போதுமென்று சனம் முண்டியடிக்கும். 'மாத்திரை தின்கிறவன் கர்த்தரை நம்பாதவன்' என்று மேடையில் முழங்குவார்; அது யூடியூபில் ஊர் ஊராக ஓடும். அதே கையை மகளின் காதில் பன்னிரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டார். காய்ச்சல் ஏறியதுதான் மிச்சம்.

"டாக்டர் இன்னிக்குப் புது ஆளுங்களைப் பாக்க மாட்டார்" என்று நர்ஸ் கைவிரித்தாள்.

மேங் கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச, பழக்கதோஷம், குரல் மேடைக்குரலாகி அறை முழுக்க அதிர்ந்தது. உள்ளேயிருந்து டாக்டர் பியோன் தானே எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டார்.

காதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சீழ் எலும்புவரைக்கும் போயிருக்கு. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஜெப..." என்று தொடங்கிய மனைவியை மேங் முழங்கையால் இடித்தார். "வேலை ஜாஸ்தி, டாக்டர்."

"என்ன வேலை?"

"வியாபாரம்."

"நல்லா ஓடுதா?"

"சுமாரா ஓடுது."

டாக்டர் கையுறையை மாட்டினார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிள்ளை தங்கியிருக்காது."

இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "பிழைச்சிட்டா. காதும் நல்லாக் கேக்கும்."

யோன்-சுக் மகளைப் பார்க்க உள்ளே ஓடினாள். மேடையில் மேங் அழுதால் சபையே சேர்ந்து அழும். இங்கே மூக்கு ஒழுக, சத்தமே வராமல் அழுதார். முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டு டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க. எது கேட்டாலும் செய்றேன்."

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. நாலு மாசமா ஊசி போட்டுக்க மாட்டேங்கிறா. கால் கறுத்துப்போச்சு. நான் டாக்டர், நான் சொல்லியே கேக்கல."

"அடடா!" என்றார் மேங். "டாக்டர் சொல்லியே கேக்காதவங்க, ஒரு வியாபாரி சொல்லியா கேக்கப் போறாங்க?"

"கேப்பா, பாஸ்டர். நீங்க சொல்லித்தானே நிறுத்தினா?"