நெற்றிக்காசு

செத்துப்போன அப்பாவின் நெற்றியில் வைக்கக் காசு தேடிய அத்தை, வாசுகி சேர்த்துவைத்திருந்த ரோமானியக் காசுகளில் ஒன்றை எடுத்துச் சந்தனத்தால் ஒட்டிவிட்டாள். தேய்ந்துபோன கிரேக்க எழுத்தைப் படித்து, அது அந்தியோக்கியாவில் அடித்த காசு என்று கண்டுபிடிக்க வாசுகிக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“அத எடுங்கத்தே! வேணும்னா உங்க மோதிரத்த வச்சி அனுப்புங்க.”

“வச்சத எடுக்கக் கூடாதுலா. டிகிரி படிச்சவளுக்கு இதுகூடவா தெரியாது?”

பெட்டியை மூடும்போது, ‘அதை மட்டும் கொடுத்துடுங்கப்பா’ என்று மனசுக்குள் கேட்டாள். பீடோங் இடுகாட்டில் புதைத்தார்கள்.

கருமாதி முடிந்து காசு டப்பாவைத் திறந்தாள். அது உள்ளே இருந்தது. எடை போட்டாள்: அதே பதினொன்றரை கிராம். விளிம்பில் அதே வெட்டு. காசிலிருந்த ராஜா முகத்தில் சந்தனம் இன்னும் காயவில்லை. அதில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே, அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியில் கிழித்துக்கொண்ட பழைய தழும்பு.