வாசலில் நின்ற வண்டி

தூத்துக்குடியிலிருந்து வந்து திருவாண்டார்கோயில் மில்லில் பிட்டராக இருக்கும் கஸ்பார், மாட்டுவண்டியை வாசலில் நிறுத்தியதும் மாதா கோயில் பெரியவர் சவரிநாதனுக்குச் சுருக்கென்றது.

“இன்னாபா, கோவிச்சிக்கினு வூட்டக் காலி பண்ணிட்டியா?”

“அஞ்சு வருசம் இருந்தா ஊர்ப் பங்குல சேத்துக்கிடுவோம்னீங்களே அண்ணாச்சி. ஈஸ்டரோட முடிஞ்சிட்டு.”

“நேத்து கூட்டத்துல பத்து வருசமா மாத்திட்டோம்.”

“இனிமே வாறவுகளுக்குத்தானே?”

“எல்லாருக்குந்தான். சின்ன வயசுக்காரன், உனக்கு இன்னா அவசரம்? பொறுத்துக்கோ.”

“நான் பொறுத்துக்கிடுவேன் அண்ணாச்சி. பங்குல இல்லாதவுகளுக்குக் கல்லறையில இடம் இல்லைங்காவ. அவள எங்க கொண்டு போவேன்?”

சவரிநாதன் வண்டியை எட்டிப் பார்த்தார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருந்த அவன் மனைவி மதலேனாளின் பாதங்கள் பாய்க்கு வெளியே தெரிந்தன.

அவர் மண்வெட்டியை எடுத்தார்.

“எங்கம்மா பக்கத்துல எனக்குன்னு வெச்ச எடம் இருக்குது. எனக்கு இன்னா அவசரம்? வாபா.”