வண்டி ஓடினால் வரும் சத்தம்

கணவனும் மனைவியும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவனுடைய பிக்கப் வண்டி, ஓடும்போது மட்டும் பின்பக்கம் லொடலொடவென்று சத்தம் போட்டது. மெக்கானிக் குடைந்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஓடும்போது பின்னால யாராவது உட்கார்ந்து கேட்டாத்தான் தெரியும்," என்றார் அவர்.

வேறு வழியில்லை. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு மனைவியிடம் போனான்.

"கொஞ்சம் வண்டியில ஏறிக் கேக்கறியா?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டியதும் கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். பக்கப் பலகையின் இடுக்கில் கைவிட்டு, ஒரு கரண்டியை எடுத்தாள்.

"மெக்கானிக்குக்கே தெரியலை, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"போட்டவளுக்குத் தெரியாதா? நீங்களா வந்து பேச வேற வழி தோணலை."

அவன் சிரித்துக்கொண்டே முன்கதவைத் திறந்துவிட்டான்.

"முன்னாடி வந்து உட்காரு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."