நெளி விளிம்பு

"மேசைக்கு அடியில என்னத்தடி கசக்குற? காட்டு."

லோனே அவசரமாகக் கையை மடிக்குள் இழுத்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்த தோழி போடில் பிடுங்கிவிட்டாள். பூவாக விரிய வேண்டிய தாள், எலி கடித்த மாதிரி இரண்டு துண்டாகக் கிடந்தது.

"வருஷா வருஷம் வீபெகேவுக்கு அன்னம் வெட்டி அனுப்புற கையா இது?"

"கண்ணாடி கொண்டு வரலை" என்றாள் லோனே.

வீபெகே சிரித்தபடி காபியை ஊற்றினாள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவள் வீட்டுச் சமையலறை மேசை முழுக்க வெள்ளைத் தாள், பசை, தோட்டத்துப் பனியில் பறித்த சின்ன வெள்ளைப் பூக்கள். ஈஸ்டருக்கு முன் கேலி அட்டை வெட்டும் கூட்டம். அட்டையில் அனுப்புகிறவர் பெயர் போடக் கூடாது, பெயருக்குப் பதில் வெறும் புள்ளிகள்தான். கையெழுத்தையும் மாற்றி எழுத வேண்டும். அட்டை கிடைத்தவர் அது யாருடையது என்று சரியாகச் சொன்னால், அனுப்பியவர் சாக்லேட் முட்டை தர வேண்டும்.

நான்கு வருடமாக ஒவ்வோர் ஈஸ்டருக்கும் வீபெகேவின் வாசல் தபால்பெட்டியில் தபால்தலை இல்லாமல் ஓர் அட்டை கிடந்தது. நான்கு வருடமும் "எதிர்வீட்டு லோனே" என்று சொல்லி முட்டை வாங்கிவிட்டாள். அட்டைகள் நான்கும் சன்னலில் தொங்கின.

"ஆஸ்டாவுக்கு ஒண்ணு வெட்டேன். நீ பெத்த பொண்ணுதானே?" என்றாள் போடில்.

வீபெகேவின் சிரிப்பு நின்றது. "இதே ஊர்லதான் இருக்கா. ரெண்டு பஸ் மாறினா வந்துடலாம். கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனது அவ. ஒரு துண்டுக் காகிதம் அவகிட்டேருந்து வந்திருந்தா, நானே ஓடிப் போயிருப்பேன்."

"பிடிவாதத்துல அம்மாவும் பொண்ணும் ஒரே அச்சு."

வீபெகே கொஞ்ச நேரம் தாளை மடித்து மடித்துப் பிரித்தாள். "சரி, வெட்டறேன். இன்னைக்கே போய்ச் சேரணும், நாளைக்கு மனசு மாறிடும். லோனே, அன்னத்தைச் சுத்தி நெளிநெளியா ஓரம் வெட்டுவியே, அந்தக் கத்தரிக்கோலை எடுத்துட்டு வா. என்கிட்ட இப்ப இல்லை."

லோனே எழவில்லை.

"எதிர்வீடுதானேடி. சாவியைக் குடு, நான் போறேன்" என்று போடில் எழுந்தாள்.

"உட்காரு, போடில். அப்படி ஒரு கத்தரிக்கோலே என்கிட்ட கிடையாது." லோனே கசங்கிய தாளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "முதல் வருஷம் அட்டையைத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தே, வீபெகே. ஆஸ்டா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் உன் முகத்துல சிரிப்பைப் பார்த்தேன். இல்லைன்னு சொல்ல வாய் வரலை. பேரனுக்கு வாங்கி வச்ச முட்டையை எடுத்துக் குடுத்துட்டேன். அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"அப்போ இதெல்லாம் யாரு அனுப்பினது?" என்றாள் போடில்.

வீபெகே சன்னலிலிருந்து ஓர் அட்டையைக் கழற்றினாள். அதன் நெளி விளிம்பை விரலால் மெல்லத் தடவினாள்.

வீட்டை விட்டுப் போன அன்று, வாசலில் துணிப்பெட்டியோடு நின்ற ஆஸ்டா, திரும்பி வந்து மேசையிலிருந்த நெளி கத்தரிக்கோலை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "உன்கிட்டேருந்து எனக்கு இது ஒண்ணு போதும்" என்று சொல்லியிருந்தாள்.

அட்டையின் அடியில், நான்கு ஈஸ்டராக வீபெகே படித்துச் சிரித்த வரி இருந்தது: 'நான் யார், சொல்லு.'