பத்துப் பத்தாக வந்த குரல்

"இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க, நிபால்டோ."

எடெல்மிரா இதைச் சொன்னபோது, அவர் நனைந்த கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? பதினோரு சனிக்கிழமை ஆச்சு! ஒவ்வொரு வாரமும் வர்றீங்க, அடுப்புப் பக்கத்துல உக்கார்றீங்க, மாத்தே டீ குடிக்கிறீங்க, உருளைக்கிழங்கு ரொட்டி சாப்பிடுறீங்க. 'டிஸ்க்குல இருந்தது இன்னும் முழுசா வரலம்மா'ன்னு சொல்லிட்டுப் பத்தே பத்து ஒலிப்பதிவைக் குடுத்துட்டுப் போயிடுறீங்க. மொத்தமாக் குடுத்துட்டா அப்புறம் இங்க வர்றதுக்குச் சாக்கு இல்லைன்னுதானே?"

நிபால்டோவின் காது மடல் சிவந்தது.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"ஊரே அப்படித்தான் பேசுது. புருஷன் போயி ஒரு வருஷம்தான் ஆகுது, வாராவாரம் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்துட்டுப் போறாரேன்னு."

அவர் பையைத் திறந்தார். இறந்துபோன அவள் கணவர் ஹெரிபெர்டோவின் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு பென்டிரைவ்.

"இந்த வாரத்துப் பத்து இதுல இருக்கு. மிச்சத்த வேற யார்கிட்டயாவது குடுத்து முடிச்சுக்குங்க. டிஸ்க்குல புதுசா எதையும் ஏத்த வேண்டாம், அது ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

ஹெரிபெர்டோ முப்பது வருடம் காஸ்ட்ரோ ஊர் ரேடியோவில் வேலை பார்த்தவர். டெலிபோன் எட்டாத தீவுகளுக்கு ஜனங்கள் சொல்லி அனுப்பும் செய்திகளைப் படித்துச் சொல்வார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் படகில் மருந்து வருகிறது, எல்லாமே அவர் வாயால்தான். வாசித்ததையெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார்.

அவர் இறந்து வருடம் திரும்பிய அன்று, ஜூன் பதினொன்றாம் தேதி, அந்தக் குரலைக் கேட்கலாம் என்று எடெல்மிரா டிஸ்க்கைச் செருகினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் சந்தைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் நிபால்டோவைக் கூப்பிட்டாள். அவர் ஒரு மணி நேரம் எதையெதையோ பார்த்துவிட்டு, "டிஸ்க்குக்கு வயசாயிடுச்சும்மா, யார் தப்பும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்" என்று எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தொலைந்தார் மனுஷன். எடெல்மிரா நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"சொல்லிட்டேன் ஓர்ஃபெலினா. நறுக்குன்னு சொல்லிட்டேன்."

"நல்ல வேலை பண்ணீங்க அண்ணி. அந்த ஆளு தனிக்கட்டை, வீட்டுக்குப் போனாப் பேச்சுத் துணைக்கு ஒரு பூனைகூட இல்ல. உங்க அடுப்படி கதகதப்புக்குப் பழகிட்டாரு. சரி, வெச்சிடவா? பேரப் பசங்க வந்திருக்காங்க."

போன் அடங்கியதும் தகர ஓட்டில் மழை மட்டும் கேட்டது. சுட்டு வைத்த ரொட்டி எட்டும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்துப் பிட்டாள். இறங்கவில்லை.

திங்கட்கிழமை, புவெர்த்தோ மோண்ட்டிலிருந்து புதிதாக வந்து கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கும் யஸ்னா என்ற பெண் வந்தாள். டிஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நிபால்டோ மீட்டுக் கொடுத்த கோப்புகளைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்கெல்லாம் யாரும்மா பேரு வெச்சது?"

"என்ன பேரு?"

"'லெமுய் தீவு, பெண் குழந்தை பிறந்த செய்தி.' 'மழை நாள், நடுவில் சிரிக்கிறார்.' 'தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்.' நூத்திப் பத்தும் இப்படியே இருக்கு."

"டிஸ்க்குல இருந்த பேருதானே?"

"இல்லம்மா. அழிஞ்சு போனத மீட்டா பேரு, தேதி எதுவும் வராது. வெறும் நம்பர் போட்டுத் துண்டு துண்டா வரும். இதுல நாலாயிரம் துண்டு இருக்கு, முக்கால்வாசி வெறும் இரைச்சல். ஒவ்வொண்ணாக் காதுல போட்டுக் கேட்டு, ஒட்ட வெச்சு, பேரு எழுதியிருக்காரு. வாரத்துக்குப் பத்து வந்ததே பெரிய விஷயம். நானா இருந்தா முடியாதுன்னு மொத நாளே திருப்பிக் குடுத்திருப்பேன்."



"அழிஞ்சு போனதுன்னா? டிஸ்க்கு வயசாகிக் கெட்டுப்போச்சுன்னுல்ல அவரு சொன்னாரு?"

"டிஸ்க்கு நல்லாத்தாம்மா இருக்கு. யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க."

"யாரு? அந்த ஆளா?"

"அவரு வர்றதுக்கு முந்தியே. கம்ப்யூட்டரப் பராமரிக்கிற மென்பொருள் எல்லாத்தையும் குறிச்சு வெச்சிருக்கு, பாருங்க. ஜூன் பதினொண்ணு, சாயங்காலம் அஞ்சு நாப்பது. 'டிஸ்க்கில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?'ன்னு ரெண்டு தடவ கேட்டிருக்கு. ரெண்டு தடவையும் 'சரி'ன்னு அழுத்தியிருக்காங்க."

யஸ்னா திரும்பிப் பார்த்தாள்.

"நிபால்டோ இத மொத நாளே பாத்திருப்பாரே. இதப் பாக்காம மீட்கிற வேலையத் தொடங்கவே முடியாது. உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"

எடெல்மிரா திரையில் இருந்த அந்தத் தேதியை விரலால் தொட்டாள்.

அன்று சாயங்காலம் இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாருமே இல்லை.