மூடிக்குக் கீழே வெளிச்சம்

“உண்மையைச் சொல்லிடுங்கக்கா. ரெண்டு கிலோ சிப்பி எங்க போச்சு?”

தராசு பதினெட்டு கிலோவில் நின்றது. செந்தில்குமார் தராசைப் பார்த்தான், பிறகு ஷெட்டில் வேலை பார்க்கும் அமிர்தவள்ளியைப் பார்த்தான். முந்தாநாள் காலையில் இருவரும் சேர்ந்து எடை போட்டுத் தொட்டியில் இறக்கியது இருபது கிலோ.

“எனக்கு இன்னா தம்பி தெரியும்? மூடியவே நான் தொறக்கலையே.”

“இது மூணாவது தடவை. பழவேற்காட்டுக்கு நான் கடல் தண்ணி எடுக்கப் போற நாள்ல மட்டும் குறையுது. நேத்தும் போனேன், குறைஞ்சிடுச்சு. ஷெட்டுக்குச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் வீட்டு ஆணியில தொங்குது, இன்னொண்ணு உங்க இடுப்புல இருக்கு. நான் வேற யாரைக் கேக்கறது?”

காலையிலிருந்தே அவனுக்கு எல்லாம் பேஜார்தான். அப்பா வேதாசலத்துக்கு நேற்று ராத்திரியிலிருந்து மெட்ராஸ் ஐ. அவருக்குச் சொட்டு மருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், இங்கே இந்தக் கூத்து. இன்னொரு தடவை எடை குறைந்தால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று ஏலகிரி ஓட்டலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆம்பூரில் தோல் தொழிலை விட்டுவிட்டுச் சிப்பித் தொழிலைப் பிடித்தவனை ஊரே கிண்டல் செய்தது. அதிலும் அப்பா ஜாஸ்தி. “ஓட்டுப் பூச்சியைக் குளிப்பாட்டி எவன்டா பொழைப்பான்? அதை எவன்டா தின்பான்?” என்று தினம் ஒரு தடவை கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சிப்பி ஒன்றுகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர் உத்தரவு. போதாததற்கு, வீடே மீன் வாடை அடிக்கிறது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அடிக்கடி சிநேகிதர் அன்பரசன் வீட்டுக்குப் போய்விடுகிறார். நேற்றும் அங்கேதான்.

குளிப்பாட்டுவது என்னவோ உண்மைதான். கடலில் சிப்பி குடிக்கும் தண்ணீரோடு வைரஸும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். தொட்டித் தண்ணீரை யூவி என்கிற புற ஊதா லைட்டுக்கு அடியில் மெல்லிசாக ஓடவிட்டால் அதிலிருக்கும் வைரஸ் செத்துப்போகும். அந்தத் தண்ணீரையே குடித்துக் குடித்து, சிப்பி இரண்டு நாளில் உள்ளே இருப்பதைக் கக்கிவிடும். லைட், தொட்டி இரண்டும் ஒரே மூடிக்குக் கீழே.

“சாவியக் குடுத்துட்டுக் கிளம்புங்கக்கா.”

அமிர்தவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஷூ கம்பெனி வேலைய விட்டுட்டு உங்கள நம்பி வந்தேன் தம்பி. திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு எப்படித் தெருவுல நடப்பேன்?”

முந்தானையால் கண்ணைத் துடைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“தம்பி, மூடி சுவிட்ச் துருப்பிடிச்சிப் போச்சுன்னு திங்கக்கிழமை நீங்கதான லைட்டுக்கு டைரக்டா ஒயர் குடுத்தீங்க?”

“ஆமா. முன்னெல்லாம் மூடியத் தொறந்தா லைட்டு தானா அணைஞ்சிடும். இப்ப மெயினை அணைச்சிட்டுத்தான் தொறக்கணும்னு உங்ககிட்ட சொன்னேனே.”

“என்கிட்ட மட்டுந்தான சொன்னீங்க? நேத்து ஒன்பது மணிக்கு மீட்டர் போட்டோ அனுப்புனேன். எடுத்துப் பாருங்க.”

லைட் மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் மீட்டர் அது. செல்போனில் நேற்றைய படத்தில் 2112. சுவரில் இப்போது 2136. மணி சரியாக ஒன்பது.

“பாத்தீங்களா? இருபத்து நாலு மணி நேரமும் லைட்டு அணையவே இல்ல. எடுத்தவன் எரியுற லைட்டுக்குக் கீழ குனிஞ்சிதான் எடுத்திருக்கான். ஒட்டிக்கிட்டு இருக்கற சிப்பியப் பிச்சி எடுக்கவே பத்து நிமிஷம் ஆகும். வெல்டிங்க வெறும் கண்ணுல பாத்தவன் கதிதான் அவனுக்கு, ராத்திரிக்குள்ள கண்ணு செவந்து எரியும். இப்ப என் கண்ணப் பாருங்க தம்பி.”

செந்தில்குமார் பார்த்தான். ஈரம் இருந்ததே தவிர, சிவப்பு துளிகூட இல்லை. வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது.

“தப்பாப் பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சிக்காதீங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“அது கிடக்கட்டும். யாருன்னு தெரிஞ்சிடுச்சா தம்பி?”

செந்தில்குமார் சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

“எங்கப்பாவுக்கு மருந்த மாத்தி வாங்கிட்டேன்க்கா. திரும்பக் கடைக்குப் போய், வெல்டிங் பாத்த கண்ணுக்கு இன்னா மருந்துன்னு கேக்கணும்.”