மீதி வாக்கியம்

மேசைக்குப் பின்னால் டாக்டர். எதிர் நாற்காலிகளில் கணவர் தணிகாசலமும் நாத்தனார் வேதாவும். கைப்பிடி இல்லாத பெஞ்சில் மங்களவல்லி. எடை குறைக்கச் செய்த ஆபரேஷனில் குறைந்த முப்பது கிலோவும் ஆறே வருஷத்தில் அவளிடம் திரும்பி வந்திருந்தது.

"சுருக்கித் தைச்ச இரைப்பை மறுபடி விரிஞ்சிருக்கும்மா. திரும்பவும் செய்யலாம். ஆனா இந்தத் தடவை உயிருக்கே…"

"செஞ்சிடுங்க சார்," என்றார் தணிகாசலம்.

"அப்படியே அண்ணி வாய்க்கும் ரெண்டு தையல் போட்டுடுங்க," என்று சிரித்தாள் வேதா.

உயிருக்கு என்ன என்று கணவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மங்களவல்லி, டாக்டர் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல், அதன் அடியில் எழுதினாள்: "ஐயா, தாங்கள் பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் மீதியைத் தெரிவிக்கவும். கேட்க நான் மட்டும் வருகிறேன்."

சாப்பிடாமல் வைத்திருந்த தட்டிலிருந்து நாலு பருக்கை எடுத்து, படிவத்தை வைத்த உறையின் வாயில் நசுக்கித் தேய்த்து ஒட்டினாள். தபால் பெட்டிக்குத் தானே நடந்துபோய்ப் போட்டாள்.